கரும்பொருளை ரேடியோவில் பிடிக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கரும்பொருளைப் பற்றி, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்கிற பொருளைப் பற்றி எழுதும்போது, அது துகள்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நம்மைச் சுற்றி ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் ஓர் அலையாகவும் இருக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். கட்டுரையில் இருந்த மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவர்கள்தான் அதிகம். ரொம்ப சந்தோஷம், எனக்கும் அந்த இடம்தான் பிடித்தது. இந்த இதழ் முழுக்க அதற்கே.

சார், ஒரு இடத்தில் துகள் என்கிறீர்கள், இன்னொரு இடத்தில் அலை என்கிறீர்கள். எது சரி? எந்தக் கணக்கில் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

நல்ல கேள்வி, கணக்காகவே பார்த்துவிடலாம். நம் சூரியன் இருக்கும் வட்டாரத்தில் கரும்பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதை விண்மீன்களின் ஓட்டத்தை வைத்து ஓரளவுக்கு அளந்திருக்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.3 முதல் 0.4 கிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலையும் நிறையையும் அளக்கிற அலகு எலக்ட்ரான் வோல்ட், கிகா என்றால் நூறு கோடி), அதாவது ஒரு புரோட்டானின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். பூமி உருண்டை அடைத்துக்கொண்டிருக்கும் மொத்த இடத்திலும் உள்ள கரும்பொருளைச் சேர்த்தால்கூட ஒரு கிலோ தேறாது!

இந்த மொத்தம் மாறாது. அதை எத்தனை துண்டாக வெட்டியிருக்கிறது இயற்கை என்பதுதான் தெரியாத விஷயம். ஒவ்வொரு துகளும் புரோட்டானைப் போல நூறு மடங்கு கனம் என்றால், ஒரு லிட்டர் இடத்துக்குள் ஏதாவது ஒரு நேரத்தில் மூன்று நான்கு துகள்கள்தான் இருக்கும். இதைத் துகள் என்று சொல்வதில் யாருக்கும் சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் நிறையும் ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது ஒரே ஒரு கன சென்டிமீட்டருக்குள் முந்நூறு நானூறு லட்சம் கோடி துகள்கள். டி ப்ராய் 1924-இல் சொன்னபடி ஒவ்வொரு துகளுக்கும் ஓர் அலைநீளம் உண்டு, நிறை குறையக் குறைய அது நீளும். நொடிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடக்கிற அந்த லேசான துகளுக்கு அலைநீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஒரு கிலோமீட்டர் நீள அகல உயரத்துக்குள் எத்தனை துகள் என்று பெருக்கிப் பார்த்தால், ஒன்றுக்குப் பின்னால் 29 பூஜ்ஜியம் போடுகிற அளவில் ஒரு எண் கிடைக்கும். எல்லாமே ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இதில் "இந்தத் துகள்", "அந்தத் துகள்" என்று தனித்தனியாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. ரேடியோ நிலையத்திலிருந்து வருவதும் ஃபோட்டான் துகள்கள்தான், ஆனால் அதை யாரும் எண்ணுவதில்லை, அலை என்றே கணக்கு போடுகிறோம் இல்லையா? அதே காரணம்தான் இங்கேயும்.

இந்த எல்லைக்கோடு ஏறத்தாழ பத்து எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி விழுகிறது. அதற்கு மேலே துகள், கீழே அலை. கீழே போனால் போய்க்கொண்டே இருக்கலாம், 10⁻²² எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் பேசியிருக்கிறார்கள், அதைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மற்ற பதில்களுக்கெல்லாம் இதுதான் அடிப்படை. இந்த அலை நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பதை முடிவு செய்வது கிட்டத்தட்ட முழுக்க அதன் நிறைதான். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நிறை என்றால் 242 மெகாஹெர்ட்ஸ். அதில் பாதிக்கும் குறைவான நிறை என்றால் நம் எஃப்எம் ரேடியோ அலைவரிசை! ஆக, நிறை தெரியாது என்பதும் எந்த அலைவரிசையில் திருப்பி வைத்துக் கேட்பது என்று தெரியாது என்பதும் ஒன்றுதான்.

இத்தனை லட்சம் கோடி துகள் நம் உடம்புக்குள்ளும் இருக்கிறது என்றால் உடல்நலத்துக்குக் கேடு எதுவும் இல்லையா?
– வாசகி, கும்பகோணம்

இல்லை. சாதாரணப் பொருளோடு அது பேசுகிற பேச்சு அவ்வளவு மெலிது. உலகத்திலேயே மிக நுட்பமான கருவிகளை வைத்துத் தேடியும் இதுவரை அதன் சுவடு தட்டுப்படவில்லை, நம் உடம்புக்கு எப்படித் தட்டுப்படும்? பால்வீதி உருவான காலத்திலிருந்து அது இங்கேதான் இருக்கிறது, உயிர்கள் எல்லாம் அதற்குள்ளேதான் தோன்றின.

ஐயா, நியூட்ரினோ ரொம்ப லேசானது, அதனால் வேகமாகப் பறந்துவிடும், விண்மீன் மண்டலங்களைக் கட்டிவைக்க உதவாது என்று சொல்லித்தான் அதைக் கரும்பொருள் பட்டியலிலிருந்து கழித்தார்கள். அதைவிட லேசான ஒன்று மட்டும் எப்படி அடங்கி உட்காரும்?
– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திண்டுக்கல்

ஐயா, வந்த கேள்விகளிலேயே இதுதான் ஆழமானது.

நியூட்ரினோ பறப்பதற்குக் காரணம் அது லேசானது என்பது மட்டும் இல்லை, அது பிறந்த இடம். ஆரம்பகாலப் பிரபஞ்சத்தின் கொதிக்கிற கூழுக்குள், மற்ற துகள்களோடு மோதி மோதி, அதே வெப்பநிலையைப் பெற்று வெளியே வந்தது. அந்தச் சூட்டோடு வந்த லேசான துகள் வேகமாகத்தான் போகும். நாம் பேசுகிற அலை அந்தக் கூழுக்குள் பிறக்கவே இல்லை.

ஒரு ஊஞ்சலை ஒரு பக்கமாக இழுத்து, அப்படியே கெட்டியான பாகுக்குள் முக்கி வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். விட்டாலும் அது ஆடாது, இழுத்த இடத்திலேயே நிற்கும். பாகு இளகிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் ஊஞ்சலின் இயல்பான ஆட்டத்தைத் தடுக்க முடியாத அளவுக்கு நீர்த்துப்போனால், அப்போது அது தானாக ஆடத் தொடங்கும். பிரபஞ்சம் முழுக்கப் பரவிக்கிடக்கிற ஒரு புலம், தன் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் இடத்திலிருந்து விலகிய ஏதோ ஒரு மதிப்பில் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. பிரபஞ்சம் விரிகிற வேகம்தான் பாகு. விரிவின் வேகம் குறைந்து, புலத்தின் சொந்த அதிர்வெண்ணுக்குக் கீழே வந்ததும், புலம் ஆட ஆரம்பித்தது. எல்லா இடத்திலும் ஒரே தாளத்தில், கிட்டத்தட்ட அசையாத துகள்களின் கூட்டமாக. கணக்கு போட்டால் இந்த ஆட்டத்தின் ஆற்றல், பிரபஞ்சம் விரிய விரிய, சாதாரணக் குளிர்ந்த பொருள் எப்படி நீர்க்குமோ அச்சு அசல் அப்படியே நீர்க்கிறது. 1983-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதே முடிவுக்கு வந்தன. நிறை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது குளிர்ந்ததுதான், ஏனென்றால் அது சூடாக இருந்ததே இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. நியூட்ரினோ, எலக்ட்ரானைப் போலவே, ஃபெர்மியான் என்ற வகைத் துகள், பவுலியின் விதிப்படி அந்த வகையில் ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாது. அதனால் ஒரு குள்ள விண்மீன் மண்டலத்துக்குள் எவ்வளவு ஃபெர்மியானை அடைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது. ட்ரெமெய்னும் கன்னும் 1979-இல் இந்த வழியில்தான் லேசான ஃபெர்மியான்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். ஃபோட்டானைப் போன்ற போசான் வகைத் துகள்களுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் ஒரே நிலையில் குவியலாம். அலையாகிற அளவுக்கு லேசான கரும்பொருள் போசானாக மட்டுமே இருக்க முடியும் என்பது இதிலிருந்து வருகிறது.

கண்டுபிடிக்க முடியவில்லை என்றதும் புதிதாக ஒரு துகளைக் கற்பனை செய்துகொள்கிறார்களா? இதற்கு முகாந்திரம் ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், ஈரோடு

சந்தேகம் நியாயமானது. இந்தக் குடும்பத்தில் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே அளவு முகாந்திரம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆக்சியான் என்ற ஒன்றுக்கு இருக்கிறது, அதுவும் கரும்பொருளுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்திலிருந்து வந்த முகாந்திரம். என்னை இந்தப் பக்கம் இழுத்ததே அதுதான்.

நியூட்ரானுக்கு மொத்த மின்னூட்டம் பூஜ்ஜியம். ஆனால் உள்ளே மின்னூட்டமுள்ள குவார்க்குகள் இருக்கின்றன. அணுக்கருவைக் கட்டிவைக்கிற வலுவிசையின் சமன்பாட்டில் ஒரு கோணம் வருகிறது, அது எந்த மதிப்பிலும் இருக்கலாம் என்று சமன்பாடு அனுமதிக்கிறது. அந்தக் கோணம் பூஜ்ஜியம் இல்லை என்றால் நியூட்ரானுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் சற்றே விலகி நிற்க வேண்டும். அந்த விலகலை ஐம்பதுகளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் செய்த சோதனையின் முடிவு 2020-இல் வெளிவந்தது: விலகல் இருந்தாலும் அது எலக்ட்ரான் மின்னூட்டம் பெருக்கல் 1.8×10⁻²⁶ சென்டிமீட்டரைத் தாண்டாது. அப்படியென்றால் அந்தக் கோணம் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. எந்த மதிப்பிலும் இருக்க அனுமதியுள்ள ஓர் எண் ஏன் இப்படிப் பூஜ்ஜியத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

1977-இல் பெச்செயும் குயினும் ஒரு பதில் சொன்னார்கள். அந்தக் கோணம் நிலையான எண்ணே இல்லை, அது ஒரு புலம், தானாக உருண்டு பூஜ்ஜியத்துக்கு வந்து சேர்ந்துவிடும் என்று. அப்படி ஒரு புலம் இருந்தால் அதற்கு ஒரு துகளும் இருந்தாக வேண்டும் என்று 1978-இல் வைன்பெர்க்கும் வில்செக்கும் தனித்தனியாகக் காட்டினார்கள். அதுதான் ஆக்சியான். மேலே சொன்ன ஊஞ்சல், இந்தப் புலம் பூஜ்ஜியத்தை நோக்கி உருளும்போது ஆடுகிற ஆட்டம்தான். நியூட்ரானின் புதிரைத் தீர்க்கக் கொண்டுவந்த மருந்து, கேட்காமலே கரும்பொருளையும் கொடுக்கிறது. இது உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது.

சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எப்படிப் பிடிப்பது? கருவி எப்படி இருக்கும் என்று விளக்கமாக எழுதுங்கள் சார்.
– மின்னணுவியல் டிப்ளமோ மாணவர், ஓசூர்

இதற்காகவே காத்திருந்தேன். நீங்கள் படிக்கிற படிப்புக்கு நெருக்கமான கருவி இது.

1983-இல் பியர் சிக்கிவி என்ற இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார். வலுவான காந்தப்புலத்துக்குள் ஆக்சியான் ஃபோட்டானாக மாறும் வாய்ப்பு உண்டு. அதன் நிறை முழுவதும் அந்த ஃபோட்டானின் ஆற்றலாகிவிடும், ஆக்சியான் எந்த அதிர்வெண்ணில் அதிர்ந்ததோ அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலை வரும். அந்த மாற்றம் சாதாரணமாக நடக்கிற வீதம் மிகச் சொற்பம், அதனால் சுற்றி ஓர் உலோகக் குடுவையை வைத்து, அந்தக் குடுவையின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணை ஆக்சியானின் அதிர்வெண்ணோடு பொருத்திவிட்டால் வருகிற சக்தி பல ஆயிரம் மடங்கு கூடும்.

இதை அப்படியே கட்டியிருப்பது அமெரிக்காவில் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஏடிஎம்எக்ஸ் சோதனை. ஒரு மீட்டர் உயரம், 136 லிட்டர் கொள்ளளவு, உள்ளே செம்பு முலாம் பூசிய எஃகு உருளை. அதைச் சுற்றி எட்டு டெஸ்லாவை நெருங்கும் மீக்கடத்திக் காந்தம். உருளைக்குள் மேலிருந்து கீழாக இரண்டு செம்புத் தண்டுகள் நிற்கின்றன. அவற்றைச் சுவர் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி மயிரிழை மயிரிழையாக நகர்த்தினால் உருளையின் ஒத்ததிர்வு அதிர்வெண் மாறும். பழைய ரேடியோவில் நிலையம் தேடத் திருகுகிற குமிழ் செய்கிற வேலையைத்தான் இந்தத் தண்டுகள் செய்கின்றன. மேல்மூடி வழியாக ஒரு சிறிய ஆன்டெனா உள்ளே எட்டிப்பார்க்கிறது, அதிலிருந்து வரும் சிக்னலை மீக்கடத்தியால் ஆன பெருக்கி பெருக்குகிறது. மொத்தமும் தனிச்சுழியத்துக்கு மேலே பத்தில் ஒன்றிரண்டு டிகிரி என்ற அளவுக்குக் குளிர்விக்கப்பட்டிருக்கிறது.

ஏன் இவ்வளவு குளிர் என்றால், வரவேண்டிய சக்தி 10⁻²³ வாட் சுற்றுவட்டாரத்தில். 700 மெகாஹெர்ட்ஸில் அது நொடிக்குச் சில பத்து ஃபோட்டான்கள், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் இரைச்சலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் பாடத்தில் வருகிற அதே சூத்திரம்: போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, பட்டை அகலம், மூன்றையும் பெருக்க வேண்டும். ஆக்சியான் அலையின் பட்டை அகலம் அதன் அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, ஏனென்றால் கரும்பொருளின் வேகம் ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதன் வர்க்கம்தான் இங்கே வருகிறது. ஆக 700 ஹெர்ட்ஸ். பெருக்கியின் இரைச்சலையும் சேர்த்து மொத்த வெப்பநிலை அரை கெல்வின் என்று வைத்தால் கிட்டத்தட்ட 5×10⁻²¹ வாட். இரைச்சல் சிக்னலைவிடச் சில நூறு மடங்கு பெரிது! அப்படியானால் எப்படித்தான் கேட்பது? ஒரே இடத்தில் உட்கார்ந்து நேரம் எடுத்துச் சராசரி போட வேண்டும். இரைச்சலின் ஏற்ற இறக்கம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு தணியும், சிக்னல் அப்படியே நிற்கும். அப்புறம் தண்டைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் முதலிலிருந்து.

ஆக்சியான் கோட்பாட்டில் இரண்டு முக்கியமான மாதிரிகள் உண்டு, அதில் சிக்னல் மெலிதாக வரும் மாதிரியையும் எட்டிப்பிடிக்கிற நுட்பத்தை முதலில் அடைந்தது இந்தச் சோதனைதான், 2018-இல். 2021-க்குள் 645 முதல் 1,020 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பெரும்பகுதியைத் தேடி முடித்துவிட்டார்கள். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கரும்பொருள் முழுவதும் ஆக்சியான்தான் என்றால், தேடிய இடங்களில் அது இல்லை என்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. துகளைத் தேடுகிற பெரிய செனான் தொட்டிகள் ஒரு மோதலுக்காகக் காத்திருக்கின்றன. இங்கே காத்திருக்க வேண்டியதே இல்லை, அலை இப்போதும் உருளைக்குள் இருக்கிறது, குமிழைச் சரியான இடத்துக்குத் திருப்புவதுதான் பாக்கி. இந்த வித்தியாசம் எனக்கு மிகப் பெரியதாகப் படுகிறது.

அப்படியென்றால் இன்னும் பெரிய உருளை, இன்னும் நிறைய உருளை என்று வைத்து ஒரே வருடத்தில் முடித்துவிட வேண்டியதுதானே?
– வாசகர், சேலம்

உருளையின் அளவை நாம் விரும்பியபடி வைக்க முடியாது, அது அலையின் நீளத்தோடு கட்டுண்டது. அதிர்வெண் ஏற ஏற உருளை சிறுக்கும், உள்ளே இடம் குறையும், சிக்னலும் குறையும். குறைந்த அதிர்வெண் பக்கம் போனால் நேர்மாறான தொல்லை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் உருளை வேண்டும், அதைச் சுற்றிக் காந்தம் யார் கட்டுவது?

அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு கருவி. தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு உருளைக்குப் பதிலாகச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று, ஸ்டான்ஃபோர்டு பக்கம் டிஎம் ரேடியோ என்ற பெயரில் அதைச் செய்கிறார்கள். உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மேட்மேக்ஸ், அதில் மின்கடத்தா வட்டத்தட்டுகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு தட்டின் பரப்பிலிருந்தும் வரும் அலைகளை ஒன்றுசேர்க்கிறார்கள். தென்கொரியாவின் டேஜான் நகரில் 12 டெஸ்லா காந்தத்தோடு ஒரு குழு தேடியது.

இரைச்சலைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எவ்வளவு குளிர்வித்தாலும் குவாண்டம் இயற்பியல் கட்டாயமாக விட்டுவைக்கிற ஒரு நடுக்கம் மிஞ்சும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ஹேஸ்டாக் சோதனைக்காரர்கள் அதையும் சாமர்த்தியமாகச் சமாளித்தார்கள். அலையின் இரண்டு கூறுகளில் ஒன்றின் நடுக்கத்தை அமுக்கி, அதை இன்னொன்றின் பக்கம் தள்ளிவிட்டு, அமுங்கிய கூறை மட்டும் அளந்தார்கள். தேடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானது, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். இதே அமுக்கும் உத்தியை ஈர்ப்பலை காணும் லைகோ கருவியிலும் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் ஆக்சியானின் நிறை 10⁻¹² முதல் 10⁻² எலக்ட்ரான் வோல்ட் வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அதாவது பத்துப் பத்து மடங்காகப் பத்துப் படிகள். இதுவரை முழு நுட்பத்தோடு தேடியது அதில் ஒரு படியில்கூடச் சிறு பகுதிதான்.

விண்மீன் மண்டலம் அளவுக்குப் பெரிய அலை என்று படித்தேன். நிஜமா சார்?
– பிளஸ் டூ மாணவர், காரைக்குடி

10⁻²² எலக்ட்ரான் வோல்ட் நிறைக்கு அலைநீளம் ஆயிரம் ஒளியாண்டுக்கு மேல் போகும், குள்ள விண்மீன் மண்டலம் அளவுக்கு என்று சொல்லலாம். ஓர் அதிர்வு முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். 2000-ஆம் ஆண்டில் ஹூ, பர்கனா, க்ருசினோவ் மூவரும் இதை முன்வைத்தார்கள். காரணம், சாதாரணக் குளிர்ந்த கரும்பொருள் என்றால் குள்ள மண்டலங்களின் நடுவே அடர்த்தி கூர்மையாக ஏற வேண்டும், ஆனால் பல இடங்களில் நடுப்பகுதி சமதளமாக இருப்பதுபோலத் தெரிந்தது. அலை என்றால் அதன் அலைநீளத்தைவிடச் சிறிய இடத்தில் அது குவிய முடியாது, நடுப்பகுதி தானாகவே மழுங்கும். 2014-இல் தைவானைச் சேர்ந்த குழு கணினியில் போட்டுக் காட்டிய உருவகம் அபாரமானது: நடுவே வழுவழுப்பான ஒரு கரு, அதைச் சுற்றிலும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுத் தோன்றித் தோன்றி மறைகிற திட்டுகள்.

அழகான கருத்துதான், ஆனால் 10⁻²² என்ற அந்த எண்ணுக்கு இப்போது நேரம் சரியில்லை. அந்தத் திட்டுகள் சும்மா இருக்காது, ஈர்ப்பால் விண்மீன்களை இழுத்து இழுத்து அலைக்கழிக்கும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் விண்மீன் கூட்டம் உப்பிப் பரந்துவிடும். செக்யூ 1, செக்யூ 2 என்ற மிக மங்கலான குள்ள மண்டலங்கள் இன்னும் கச்சிதமாகவே இருக்கின்றன. அதை வைத்து தலாலும் க்ராவ்ட்சோவும் 2022-இல் கணக்கிட்டதில், கரும்பொருள் முழுவதும் இந்த வகைதான் என்றால் நிறை 3×10⁻¹⁹ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே இருக்க முடியாது. குவேசார் எனப்படும் மிகப் பிரகாசமான தொலைதூர விண்மீன் மண்டல மையங்களின் ஒளியை இடையிலுள்ள ஹைட்ரஜன் மேகங்கள் உறிஞ்சும் விதத்தைப் பார்த்தவர்களும் வேறு வழியில் 2×10⁻²⁰ என்ற கீழ்வரம்பைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தனித்தனி வழிகள் ஒரே திசையைக் காட்டும்போது நான் அதை நம்பத் தயார்.

இந்தியாவில் யாராவது இதைத் தேடுகிறார்களா?
– வாசகி, மதுரை

நேரடியாக இதற்கென்று இல்லாவிட்டாலும், இதற்குப் பயன்படும் வேலை நடக்கிறது. மிக லேசான இந்த அலை அதிரும்போது ஈர்ப்புப் புலமும் கூடவே லேசாக அசையும். பல்சார் எனப்படும், வேகமாகச் சுழலும் இறந்த விண்மீன்களிலிருந்து கடிகாரம் போல ஒழுங்காக வரும் ரேடியோ துடிப்புகள் அதனால் ஒரு சிறிதளவு முந்தியும் பிந்தியும் வர வேண்டும் என்று க்மெல்னிட்ஸ்கியும் ருபகோவும் 2014-இல் காட்டினார்கள். புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியை வைத்து இந்திய பல்சார் குழு இந்தத் துடிப்புகளைப் பல வருடங்களாக அளந்து வருகிறது, தொடக்க காலத்தில் நம் ஊட்டியில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியையும் பயன்படுத்தினார்கள். 2023-இல் ஐரோப்பியக் குழுவோடு சேர்ந்து ஈர்ப்பலைப் பின்னணிக்கான சான்றை வெளியிட்டதும் இவர்கள்தான். அதே வருடம் ஐரோப்பியக் குழுவின் பல்சார் தரவில் இந்த அலையையும் தேடினார்கள். 10⁻²⁴ எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து அதைப்போல ஐந்து மடங்கு வரை நிறையுள்ள அலை, நம் வட்டாரக் கரும்பொருள் முழுவதுமாக இருக்க முடியாது என்று தெரிந்தது.

வானத்துக் கடிகாரம் இருக்கட்டும், மனிதன் செய்த கடிகாரமும் இதில் இறங்கியிருக்கிறது. ஆக்சியான் இல்லாமல் வேறு வகை லேசான புலமாக இருந்தால், எலக்ட்ரானின் நிறை, மின்விசையின் வலிமை போன்ற மாறிலிகளே கொஞ்சம் கொஞ்சம் ஏறி இறங்கும். இரண்டு வேறு தனிமங்களில் ஓடும் அணுக் கடிகாரங்களை அருகருகே வைத்தால், ஒன்று மற்றதைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டு, இரண்டுக்கும் உள்ள விகிதம் தாளத்தோடு ஆடும். அமெரிக்காவின் போல்டர் நகரில் அலுமினியம், இட்டெர்பியம், ஸ்ட்ரான்சியம் கடிகாரங்களை ஒப்பிட்டு இப்படித் தேடியிருக்கிறார்கள். 2024-இல் தோரியம்-229 அணுக்கருவையே லேசரால் தூண்டி, அதன் அதிர்வெண்ணை ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தோடு ஒப்பிட்டு அளந்துவிட்டார்கள். அணுக்கருவை வைத்துக் கடிகாரம் செய்தால் இந்த ஆட்டத்தைப் பல ஆயிரம் மடங்கு நுட்பமாகப் பார்க்கலாம் என்று எதிர்பார்ப்பு. அடுத்த பத்தாண்டில் நான் ஆவலோடு கவனிக்கப்போவது இதைத்தான்.

700 மெகாஹெர்ட்ஸில் செல்போன் சிக்னலும்தான் வருகிறது. ஒரு நாள் ஏதோ கேட்டால், அது கரும்பொருள்தான் என்று எப்படி நிச்சயப்படுத்துவார்கள்?
– தொலைத்தொடர்புத் துறை ஊழியர், சென்னை

உங்கள் துறைக்காரருக்குத்தான் இந்தக் கேள்வி வரும்! வெளி ரேடியோ உள்ளே கசிவது நடந்திருக்கிறது, அதனால் பல கட்டமாகச் சோதிப்பார்கள். முதலில் அதே அதிர்வெண்ணுக்குத் திரும்பிப் போய் மறுபடி கேட்பார்கள், இரண்டாம் முறை இல்லை என்றால் அது தற்செயல் இரைச்சல். இருந்தால், உருளையை அந்த அதிர்வெண்ணிலிருந்து விலக்கிப் பார்ப்பார்கள். வெளியிலிருந்து கசிவது அப்போதும் கேட்கும், உருளைக்குள் ஆக்சியானிலிருந்து பிறப்பது மறைந்துவிட வேண்டும். வெளியே ஒரு தனி ஆன்டெனா வைத்தும் பார்ப்பார்கள். அதையும் தாண்டினால் காந்தத்தைக் குறைப்பார்கள். காந்தப்புலத்தைப் பாதியாக்கினால் ஆக்சியான் சிக்னல் நான்கில் ஒன்றாக வேண்டும், செல்போன் கோபுரத்துக்கு நம் காந்தத்தைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது.

ஏடிஎம்எக்ஸில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. குழுவில் ஒரு சிலர் மட்டும் அறிந்து, மற்றவர்களுக்குத் தெரியாமல், போலி ஆக்சியான் சிக்னலை உள்ளே செலுத்திவிடுவார்கள். உண்மையான சிக்னல் வந்தால் இவர்கள் கண்டுபிடிப்பார்களா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேர்மையான வழி இல்லை. அப்படிச் செலுத்திய ஒன்று சோதனைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டே வந்து, கடைசியில்தான் ரகசியம் உடைக்கப்பட்ட சம்பவமும் நடந்திருக்கிறது.

இதெல்லாம் முடிந்தபிறகும் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது, அதை யாராலும் போலி செய்ய முடியாது. சூரியன் பால்வீதியைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, பூமி சூரியனைச் சுற்றி 30 கிலோமீட்டரில். ஜூன் தொடக்கத்தில் இரண்டு வேகமும் கூடும், டிசம்பரில் கழியும். அதற்கு ஏற்றபடி 700 மெகாஹெர்ட்ஸ் சிக்னலின் நடுப்புள்ளி இருபது முப்பது ஹெர்ட்ஸ் அளவுக்கு மேலும் கீழும் நகர வேண்டும், பட்டையின் அகலமும் கூடவே மாற வேண்டும். ஒரு வருடம் முழுக்க அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து கவனித்தால் அந்த நகர்வு தெரிந்துவிடும். அதோடு, ஒரு முறை அதிர்வெண் தெரிந்துவிட்டால் உலகில் எந்த ஆய்வுக்கூடமும் தன் குடுவையை அதே இடத்துக்குத் திருப்பி வைத்து அடுத்த சில வாரங்களிலேயே தானாகச் சரிபார்க்கலாம், ஏனென்றால் அந்த அலை சியாட்டிலுக்கு மட்டும் சொந்தமில்லை.